எரிந்த கட்சி, எரியாத கட்சி, நடுவில் என் கடை

லுணுகலையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் ஏறும் பாதையில், இரண்டு தேயிலைத் தோட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் முடக்கில் என் கடை இருந்தது. ஏறினால் மேல்தோட்டம், இறங்கினால் கீழ்த்தோட்டம். கூரையின் ஒரு சரிவில் விழுந்த மழை ஒரு தோட்டத்து வடிகானிலும், மறு சரிவில் விழுந்தது மற்றத் தோட்டத்துக் கானிலும் ஓடியது. மழைக்கே அங்கே கட்சி உண்டு என்றால் மனிதருக்கு இல்லாமல் போகுமா?

மகா யுத்தத்தின்போது பெல்ஜியம் என்ற தேசத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அன்று அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்குச் சொந்தக்காரப் பாசமே வந்துவிட்டது. இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் குடியிருப்பவன், "நான் யார் பக்கமும் இல்லை" என்று சத்தியம் செய்துகொண்டே காலந்தள்ள வேண்டியவன். பெல்ஜியம் அந்தச் சத்தியத்தை நம்பித்தான் கெட்டது. நான் கெடாமல் தப்பினேன். என் ராஜதந்திரத்தால் தப்பினேன் என்றுதான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். எழுத உட்காரும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான் அங்கே கடை போட்டது வியாபாரத் திறமையால் அல்ல. பதுளையில் என் மனைவியின் அண்ணனுக்குத் துணிக்கடை. அதில் நான் துணி அளந்துகொண்டிருந்தேன். அளக்கும்போது பேசுவேன். பேசும்போது கை நீளும். வந்தவர்கள் எல்லாரும் கேட்டதைவிட ஒரு சாண் கூடுதலாகக் கொண்டுபோனார்கள். என் பேச்சை ரசிக்கத்தான் இவ்வளவு கூட்டம் என்று நான் நினைத்திருந்தேன். மச்சான் ஒரு நாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மச்சான், பேசிப் பேசி விக்கிற சாமான் ஏதாவது ஈக்குதா பாருங்க. துணி, வாய மூடிக்கிட்டு அளக்கிற சாமான்."

அவர்தான் உப்பு, கருவாடு, புகையிலை, மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்றிக் கொடுத்து என்னை அந்த முடக்கில் கொண்டுவந்து இறக்கினார். நிபந்தனை ஒன்றே ஒன்று. கடை படுத்துவிட்டால் நான் திரும்பி வந்து அவருடைய மேசைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு, அட்டை உண்டு, பேய் உண்டு என்பார்கள். எனக்குப் பயம் அந்த மேசை ஒன்றுதான். ஒரு தோட்டத்தை மட்டும் நம்பி அந்த இடத்தில் கடை நடத்த முடியாது. மேல்தோட்டமும் வர வேண்டும், கீழ்த்தோட்டமும் வர வேண்டும். ஒன்று நின்றால் நான் நொண்டியடித்துப் பதுளைக்குப் போக வேண்டியதுதான்.

பேச்சுக்குக் கொள்முதல் பத்திரிகை. ரயில் அப்போது பதுளையை எட்டவில்லை. கீழ்த்தோட்டத்து வண்டிக்காரர் பதுளைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போய், திரும்பும்போது அரிசி மூட்டையோடு என் பத்திரிகையையும் கொண்டுவருவார். செய்தி ஆறிப்போய்த்தான் வரும். ஐரோப்பாவில் சமாதானம் ஆன பிறகும் எங்கள் முடக்கில் கொஞ்ச நாள் யுத்தம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது. ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் அந்தக் காலைக் கூட்டம் இல்லாத நாளில்தான் இரண்டு தோட்டத்து ஆட்களும் குடியிருக்கும் லயங்களிலிருந்தும் சாமான் வாங்க வருவார்கள். அன்று நான் உலகத்துக்கு வைத்தியம் பார்ப்பேன். தேசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் (யாரும் கேட்டதில்லை, நானே கேட்டுக்கொள்வேன்) கையை நீட்டி மேலும் கீழும் காட்டுவேன். எல்லைக்கல் உண்டு. ராஜா மாதிரி தோட்டத்துக்கொரு வெள்ளைக்காரத் துரை உண்டு. ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் துண்டு என்ற சீட்டு வேண்டும். இரண்டு துரைமாரும் சனிக்கிழமை ஒன்றாகப் பந்து விளையாடுவார்கள். ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று கைகுலுக்குவார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் இருவருமே ஆள்விட்டு இழுக்கப் பார்ப்பார்கள். அவர் இழுப்பார் என்று இவருக்குப் பயம். இவர் இழுப்பார் என்று அவருக்குப் பயம். இரண்டு பேருக்கும் மேலே உட்கார்ந்து காதைத் திருகுவதற்கு ஒரு பெரிய துரை இல்லாதவரைக்கும் அந்தக் கைகுலுக்கலுக்கு என்ன பெறுமதி? ஐரோப்பாவின் வியாதி இதுதான் என்பேன். கூட்டம் தலையாட்டும். அவர்கள் கருவாட்டுக்குக் காத்திருப்பவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கென்று சொந்தமாகவும் ஒரு கொள்கை இருந்தது. ஒரே கடையில் உப்பு வாங்குகிறவர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்க மாட்டார்கள் என்பது. கடைக்காரனுக்கு இதைவிட இனிப்பான கொள்கை கிடைக்குமா? ஆனால் சண்டை தொடங்கிய நாள் வரைக்கும் அந்தத் தேசங்கள் ஒன்றிடம் ஒன்று தாராளமாகச் சாமான் வாங்கிக்கொண்டுதான் இருந்தனவாம். அதைப் படித்த அன்று பத்திரிகையைக் கருவாடு சுற்றப் போட்டுவிட்டேன்.

இனிக் காமனுக்கு வருகிறேன். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் எரித்தார். ரதி அழுது கேட்டதால், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மறுபடி உயிர் கொடுத்தார் என்பது கதை. அப்படியானால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? எரிந்தான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடுவது எரியாத கட்சி. ஒருவர் பாட்டிலே கேள்வி போட, மற்றவர் நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பதில் சொல்லும் இந்தப் போட்டிக்கு லாவணி என்று பெயர். மேல்தோட்டம் எரிந்த கட்சி, கீழ்த்தோட்டம் எரியாத கட்சி. ஏன் அப்படி என்று கேட்டால், பிரான்ஸ்காரன் ஏன் பிரான்ஸ்காரன்? கண் முன்னால் வைக்கோல் காமனைக் கொளுத்திச் சாம்பலாக்கிய பிறகும், எரியாத கட்சிக்காரர்கள் அந்தச் சாம்பலையே நெற்றியில் இட்டுக்கொண்டு எரியவில்லை என்று பாடுவார்கள். கண்டதைக் கொள்கைக்காக மறுக்கும் வித்தையை ஐரோப்பிய மந்திரிமார் எங்கள் கீழ்த்தோட்டத்தில் வந்து படித்திருக்க வேண்டும்.

கடைக்குக் கீழே இருந்த காமன் திடலில் இரண்டு தோட்டமும் மோதும் லாவணிக்கு நடுவர் நான். எனக்கு மார்க்கம் வேறு, முஸ்லிம்; இரண்டு தோட்டத்தாருக்கும் நான் 'நானா', அண்ணன் என்று அர்த்தம். மன்மதன் எரிந்தாலும் எரியாவிட்டாலும் எனக்கு நட்டமில்லை. அதுதான் என் தகுதி. ராகம் எனக்குப் பிடிபடாது, தாளம் என் காலில் மிதிபடும். ஆனால் நடுவரின் வேலை வழக்கப்படி மிகச் சுலபம். பாடி முடிந்ததும் எழுந்து, இரண்டு பாட்டுக்காரருக்கும் ஒரே மாதிரிச் சால்வையும் வெற்றிலையும் கொடுத்து, "வழக்கு இன்னும் முடியல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். யார் ஜெயித்தது என்று கேட்பதில்லை. ஒவ்வொரு தோட்டமும் தான்தான் ஜெயித்தது என்று சந்தோஷமாக லயத்துக்குப் போய்ச் சேரும். முன்பெல்லாம் இரவில் நடந்தது. யுத்தத்தில் விளக்கெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்ததிலிருந்து ஞாயிறு பகலுக்கு மாறியிருந்தது.

மேல்தோட்டத்துக்குப் பாடுகிறவர் அங்கே ஒரு கங்காணி. உயரமானவர், அளந்து பேசுவார், பாட ஆரம்பித்தால் மட்டும் வாய் மூடாது. கீழ்த்தோட்டத்துக்குப் பாடுகிறவர் என் பத்திரிகை கொண்டுவரும் அதே வண்டிக்காரர். பதுளைப் பாதை முழுக்க மாடுகளுக்குப் பாடிக்காட்டித்தான் ஒத்திகை பார்ப்பார். அந்த மாடுகளும் எரியாத கட்சிதான்.

யுத்தம் முடிந்து, தேசங்களெல்லாம் ஜெனீவாவில் கூடிச் சபை வைக்கப்போகின்றன, வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றமும் வரப்போகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அந்த ஞாயிறு நான் உப்பு மூட்டைமேல் ஏறி நின்றே பேசினேன்.

"இனிமே சண்டைக்கு வேல இல்ல. நடுவர் ஒருத்தர் இருப்பார். ரெண்டு பக்கமும் கேட்டு, இவர் சரி, அவர் பிழைன்னு சொல்லுவார். தோத்தவன் கைகட்டிக் கேட்டுக்கணும். தீர்ப்பில்லாத வழக்கு, புண்ண மூடிவச்ச மாதிரி. உள்ளுக்குள்ள சீழ் பிடிக்கும்."

கங்காணி புகையிலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "தீர்ப்புச் சொல்லாத நடுவரப் பத்தி என்னா போட்டிருக்கு நானா?"

"அவன் நடுவரே இல்ல," என்றேன், பேச்சு வேகத்தில்.

வண்டிக்காரர் கடைவாயிலில் நின்றார். "அப்பிடீன்னா இத்தன வருசமா திடல்ல உக்காந்து எங்க வெத்தலய மென்னது யாருங்க?"

கடை சிரித்தது. சிரிப்பு ஓய்வதற்குள் மேல்தோட்டத்து ஆள் ஒருவர், "இந்த மாசிக்கு நானா வாயால தீர்ப்பு கேக்கணும்," என்றார். "கேக்கத்தான் போறோம்," என்றது கீழ்த்தோட்டம். கங்காணி தலையாட்டினார். வண்டிக்காரரும் தலையாட்டினார். இரண்டு தோட்டமும் சேர்ந்து ஏகமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம், என்னைப் பதுளைக்கு அனுப்பும் தீர்மானம்.

ஆட்கள் போன பிறகு, உள்ளே சீலைத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க. ஜெனீவாவில கடை போட எடம் ஈக்குதான்னு எழுதிக் கேளுங்க. இங்க இனிச் சரிவராது."

அவள் சொன்னது சரி என்பது அடுத்த வாரமே தெரிந்தது. மேல்தோட்டத்துக் கிழவர் ஒருவர் உப்பை மடியில் கட்டிக்கொண்டு, "லுணுகலைக் கடையில உப்பு நல்ல வெள்ளையா இருக்காம் நானா. மாசிக்கு அப்பறம் போய்ப் பாக்கணும்," என்றார். பின்னால் நின்ற கீழ்த்தோட்டத்துப் பெண், "நாங்களும் அதத்தான் பேசிக்கிட்டோம்," என்றாள். எந்தப் பக்கம் தோற்கிறதோ அந்தப் பக்கம் என் உப்பு கறுத்துவிடும்.

தீர்ப்பு என்று ஒன்று வரப்போகிறது என்றவுடன் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. அதுவரைக்கும் தோட்டத்துக்கு நாலு தப்புப் பறை போதும் என்றிருந்தார்கள். கீழ்த்தோட்டத்தில் புதுத் தப்புக்குத் தோல் காய்கிறது என்று மேல்தோட்டத்துக்குச் செய்தி போனது. "நமக்கு ஆசையில்ல, அவனுக செய்றானுக" என்று மேல்தோட்டம் இரண்டு தப்பு கட்டியது. அதைக் கேள்விப்பட்ட கீழ்த்தோட்டம், "நாம அப்பவே செஞ்சது நல்லதாப் போச்சு" என்று இன்னும் தோல் காயவைத்தது. முதலில் காய்ந்த தோல் தப்புக்கானதே இல்லை, யாரோ செருப்புத் தைக்க வைத்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. பயப்படுகிறவன் கையிலே தடியெடுக்க, அதைப் பார்த்தவன் பயந்து உலக்கையெடுக்கும் இந்தக் கதையைத்தான் நான் பத்திரிகையில் யுத்தக் கப்பல் என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

தப்புக் குறைப்பு மகாநாடு ஒன்றை என் கடையில் கூட்டினேன். தேத்தண்ணியும் முறுக்கும் என் செலவு. கங்காணி ஒரு பக்கம், வண்டிக்காரர் ஒரு பக்கம், நான் நடுவில். தோட்டத்துக்கு நாலு தப்புக்கு மேல் கூடாது என்று பேசி முடித்தோம். எழுந்து போகும்போது வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நானா, உறுமி தப்பு கணக்குல வராதில்ல?"

"ஏன், உங்ககிட்ட உறுமி இருக்கா?" என்றார் கங்காணி.

"இப்ப இல்ல. ஒப்பந்தத்துல இருக்கான்னு கேட்டேன்."

"அப்பிடின்னா நாங்களும் ஒண்ணு பாத்து வச்சுக்கிறோம்," என்றார் கங்காணி. முறுக்கு தீர்ந்திருந்தது.

அதற்கடுத்து நேசநாடுகள் வந்தன. வண்டிக்காரருக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வது என்று கீழ்த்தோட்டம் கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஒரு பாட்டுக்காரரை வரவழைத்தது. அதே கவலை கங்காணியின் தொண்டைக்காக மேல்தோட்டத்துக்கும் வந்து, அவர்கள் ஊவா மாகாணத்தின் இன்னொரு மூலையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். இந்த இருவருக்கும் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? "சண்ட எப்ப?" என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி.

மாசி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. எந்தப் பக்கம் ஜெயித்தால் எனக்கு நட்டம் குறைவு என்று யோசித்தேன். மேல்தோட்டம் புகையிலை அதிகம் வாங்கும். கீழ்த்தோட்டம் கருவாடு அதிகம் வாங்கும். மன்மதன் எரிந்தானா என்ற கேள்வியை உலகத்தில் யாரும் இப்படி நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், நல்ல மழை, கங்காணி குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். புகையிலை கேட்டார். மடியில் புகையிலை இருந்தது எனக்குத் தெரிந்தது.

"தீர்ப்பு கட்டாயந்தானா நானா?"

"நீங்கதான கேட்டீங்க கங்காணியார்?"

"நான் எங்க கேட்டேன்? ஆளுக கேட்டாங்க. நான் தலைய ஆட்டுனேன்." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "தோத்தா நாளைக்குப் பெரட்டுல எவன் எனக்குப் பயப்படுவான்? சரி, ஜெயிச்சேன்னே வையுங்க. அந்த மனுசன் அடுத்த வருசம் வருவாரா? ரோசக்காரரு. வரமாட்டாரு. அப்பறம் நான் யாரோட பாடுறது, வீட்டுக்காரியோடயா?"

"வேற பாட்டுக்காரர் கெடைப்பாங்களே."

"கெடைப்பாங்க. என் பாட்டுல எந்த எடத்துல ஊசி இருக்குன்னு அவருக்குத்தான் நானா வெளங்கும். மத்தவனுக்கெல்லாம் வெறும் பாட்டு."

"அப்ப, தீர்ப்பு வேணாம்னு நீங்களே சொல்லிருங்க."

அவர் குடையை விரித்தார். "நான் சொல்றதா? மேத்தோட்டம் பயந்துருச்சும்பாங்க. அவங்க சொல்லட்டும். நான் வந்ததா யாருக்கும் தெரியக்கூடாது."

இரண்டு நாள் கழித்து வண்டிக்காரர் அரிசி மூட்டை இறக்கினார். இறக்கி முடித்தும் போகவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நான் ஜெயிச்சா எனக்கு அப்பறம் என்னாங்க வேல? எரியலன்னு முடிவாயிருச்சு. முடிஞ்ச வழக்க எவனாச்சும் பாடுவானா? பதுளைக்கு எம்புட்டு வழி. மாட்டுக்கிட்ட என்னத்தச் சொல்லிக்கிட்டுப் போறது?"

"தோத்தா?"

"தோத்தா எங்க ஆளுக என்னைய விட்டாலும் விடுவாங்க. உங்கள விடமாட்டாங்க."

"சரி அண்ணே, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. முடிஞ்சுது."

"கங்காணி சொல்லட்டும். பெரிய மனுசன். நான் சொன்னா ஓடிட்டான்னு பாட்டே கட்டிருவாரு. நல்ல பாட்டாவும் இருக்கும், அதுதான் பயம்."

இரண்டு பேருக்கும் சமாதானம் வேண்டும். இரண்டு பேரும் என்னிடம் வந்து சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சண்டை நடக்கத்தான் போகிறது, ஏனென்றால் முதலில் வாய் திறக்கிறவன் தோற்றவன். பத்திரிகையில் எத்தனையோ மந்திரிகளின் பேச்சை வாசித்து, இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டிருக்கிறேன். இப்போது பைத்தியம் இரண்டும் என் கடையிலேயே புகையிலை வாங்கிக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த முறை கங்காணி வந்தபோது, கீழே இருப்பவர்களுக்கும் சமாதானத்தில் கொஞ்சம் மனசு இருக்கும்போலத் தெரிகிறது என்று மெல்ல நூல் விட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்பிடியா? பயந்துட்டாங்களா? அப்ப விடக்கூடாது நானா."

அதோடு என் ராஜதந்திரம் முடிந்தது. மனைவி அன்று மாலை பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். துடைக்கும் சத்தம் மட்டும் நிறைய வந்தது.

லாவணி நாள் வந்தது. வெயில் நல்ல பிள்ளையாக இருந்தது. திடலின் ஒரு பக்கம் மேல்தோட்டம், மறு பக்கம் கீழ்த்தோட்டம், நடுவில் கடையிலிருந்து கொண்டுபோன முக்காலியில் நான். ஒப்பந்தப்படி பக்கத்துக்கு நாலு தப்பு. ஒப்பந்தத்தில் இல்லாத உறுமி பக்கத்துக்கு ஒன்று. வெளியூர்ப் பாட்டுக்காரர் இருவரும் பேசிப் பார்த்ததில் ஒருவருக்கொருவர் மாமன் மகன் முறை என்று தெரியவந்து, ஒரே மரத்தடியில் ஒரே இலையில் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நேசநாடுகளின் வேலை அதோடு முடிந்தது.

கங்காணி பாடினார். எரியாதவனுக்கு ரதி ஏன் தாலியைக் கழற்றினாள் என்று கேட்டார். எரிந்தவனுக்கு அவள் மறுபடி ஏன் பூ முடித்தாள் என்று வண்டிக்காரர் திருப்பினார். எனக்கே விளங்கும் அளவுக்கு அன்று அவர்கள் பாடினார்கள். இனி ஒருபோதும் சேர்ந்து பாடப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால் இருக்கும். ஒரு கட்டத்தில் வண்டிக்காரர் போட்ட ஓர் அடிக்குக் கங்காணி தன்னை மறந்து தொடையில் தட்டினார். தட்டிய கையை உடனே தோள்துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

பாட்டு நின்றது. தப்பு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஒரு பிரசங்கம் தயாரித்திருந்தேன். அதில் தேசங்களின் அச்சம் வரும், வியாபாரம் வரும், நீதி வரும், கடைசியில் தீர்ப்பு எங்கோ காணாமல் போய்விடும் என்பது என் திட்டம். எழுந்து நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இரண்டு பக்கத்து முகங்களையும் பார்த்தேன். மேலே கடை வாசலில் மனைவி நின்றது தெரிந்தது. பிரசங்கம் முழுவதும் மறந்துபோனது. எரிந்தான், எரியவில்லை என்ற இரண்டு சொல்லில் எதைச் சொன்னாலும் மச்சானின் மேசை கண்ணுக்குத் தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ரெண்டு கட்சியும் தோத்துப்போச்சு."

"என்னாது?" என்றார் கங்காணி. "நானா, ஒருத்தன் தோத்தா ஒருத்தன் ஜெயிக்கணும். அதுதான் ஒலக வழக்கம்."

"இல்ல. ரெண்டும் மோசம்," என்றேன். பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஓட ஆரம்பிக்கும். "கங்காணியாருக்குத் தாளம் போச்சு. வண்டிக்காரருக்கு ராகம் போச்சு."

வண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திடலின் நடுக்கோட்டைத் தாண்டி வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்து கங்காணியின் பக்கத்தில் நின்றார்.

"கங்காணிக்குத் தாளம் போச்சா? நானா, தாளம்னா என்னான்னு உங்களுக்குத் தெரியுமா? பதுளையில என்னா வெலைக்கு விக்கிது?"

"இவரு கட்டுன அந்தப் பூ முடிச்ச பாட்டுக்கு," என்றார் கங்காணி, வண்டிக்காரரைக் காட்டி, "நானே ஒரு நிமிசம் கட்சி மாறிட்டேன். அதப் போய் மோசங்கிறீங்க."

"கட்சி மாறுனீங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"ஒரு நிமிசம்னு சொன்னேன்ல. பேச்ச மாத்தாதீங்க. மொதல்ல இவரக் கவனிப்போம்."

அவர் உறுமிக்காரருக்குக் கண் காட்டினார். அதுவரையில் எந்த மாசியிலும் நடக்காதது நடந்தது. எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் ஒரே பக்கம் நின்று பாடின. எதிர்க்கட்சி நான்.

கங்காணி எடுத்தார்:

"தராசு பிடிக்கும் நானாவே – ரெண்டு
தட்டும் தாழுமோ சொல்லய்யா?"

வண்டிக்காரர் முடித்தார்:

"சரக்கும் கல்லும் சேந்து எறங்கினா – அது
தராசு இல்லையே, தள்ளய்யா!"

எட்டுத் தப்பும் ஒன்றாக விழுந்தன. சனம் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி வந்து என்னைச் சுற்றி நின்றது. வண்டிக்காரர் அடுத்ததை எடுத்தார்:

"ஜெனீவாக் கதையை அங்கே – நீங்க
நெறைய நெறைய அளந்தீரே"

கங்காணி என் முகத்துக்கு நேரே கை நீட்டினார்:

"சீனியை மட்டும் இங்கே – ஏன்
கொறைய்ய்யக் கொறைய்ய அளந்தீரே?"

அந்தக் "கொறைய்ய்ய"வை அவர் இழுத்த இழுப்பில் மேல்தோட்டத்துக் கிழவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கீழ்த்தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் கருவாடு பாட்டில் வந்தது, என் முக்காலி வந்தது, நான் உப்பு மூட்டையில் ஏறி நின்றது வந்தது. ஒருவர் இழுக்க மற்றவர் வெட்ட, சாயந்தரம் வரைக்கும் என்னை உரித்துத் தொங்கவிட்டார்கள். தீர்ப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பது எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

பொது எதிரி ஒருவன் வந்தால் பகைத் தேசங்கள் ஒன்று சேரும். இது பத்திரிகையில் இருக்கிறது. அதைத் திட்டமிட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போதே மனைவியிடம் விளக்கினேன்.

"பயத்தில வந்த வார்த்த அது," என்றாள். "ஒங்கட கால் நடுங்கினது எனக்கு மேல வரைக்கும் தெரிஞ்சுது."

காரியம் நடந்த பிறகுதான் உலகத்தில் முக்கால்வாசிக் கொள்கைகள் பிறக்கின்றன என்று நான் சொன்னேன். அவள் எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள். பேச்சை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி அது.

திங்கட்கிழமை ஒரு காக்காய் கூடக் கடைக்கு வரவில்லை. வேலை நாள்தான், இருந்தாலும் நான் நாலு தடவை பாதையில் இறங்கி மேலும் கீழும் பார்த்தேன். மாலையில் வேலை விட்டதும் பாதையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேலிருந்தும் கீழிருந்தும் கூட்டமாக வந்தார்கள். "நானா, இன்னைக்கு உப்பு ஜெயிச்சுதா, கருவாடு ஜெயிச்சுதா?" "ரெண்டும் தோத்துப்போச்சாம், அரைப்படி குடுங்க." ஒருவர் என்னைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் சும்மா கைவீசிக்கொண்டு வந்து செய்ய முடியாது. மரியாதைக்கு எதையாவது வாங்க வேண்டும். அந்த மாசம் முழுக்க நெருப்புப்பெட்டி வாங்கியே என்னைக் கேலி செய்தார்கள். லுணுகலைக் கடையின் வெள்ளை உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் கடைக்காரரைப் பற்றி யாருக்கும் பாட்டுத் தெரியாது, பாவம்.

அடுத்த ஞாயிறு கங்காணியும் வண்டிக்காரரும் ஒன்றாகவே வந்தார்கள். அப்படி அவர்கள் என் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. திரைக்குப் பின்னாலிருந்து மனைவி, அன்றைக்குத் தூரத்தில் நின்றதால் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி பாட முடியுமா என்று கேட்கச் சொன்னாள். கேட்கச் சொன்னது என்னிடமே.

"தங்கச்சி கேட்டுப் பாடாம இருக்க முடியுமா?" என்றார் கங்காணி. தப்பு இல்லாததால் வண்டிக்காரர் வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டினார். அன்றைக்கு இல்லாத அடிகள் நாலைந்து புதிதாக வந்தன. பதுளைக்குப் போய் வந்த வழியில் கட்டியவை. அவற்றில் ஒன்றில் நான் மேசைக்குப் பின்னால் துணி அளந்தேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று திரையைத் திரும்பிப் பார்த்தேன். திரை குலுங்கிக்கொண்டிருந்தது.

தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்தார்கள்.

"நானா, வர்ற மாசிக்கும் நீங்கதான் நடுவர்," என்றார் வண்டிக்காரர். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இவ்வளவு மோசமான நடுவர் நமக்கு வேற எங்கயும் கெடைக்கமாட்டாரு."

"அதுல எங்களுக்குள்ள கருத்து வேத்தும இல்ல," என்றார் கங்காணி.

இருவரும் படியிறங்கினார்கள். கடை முற்றத்தைத் தாண்டுவதற்குள், "அன்னைக்கு ஒரு நிமிசம் கட்சி மாறுனேன்னீங்களே, அப்பவே எரியலன்னு ஆயிருச்சு," என்று வண்டிக்காரர் ஆரம்பித்தார். "எரிஞ்சதாலதான்யா ரதி அழுதா," என்றார் கங்காணி. ஒருவர் மேலே ஏறினார், ஒருவர் கீழே இறங்கினார். ஆள் மறைந்த பிறகும் மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பாட்டுப் போய் வந்துகொண்டே இருந்தது. கடையில் சாமானுக்கு நின்றவர்கள் அது ஓயட்டும் என்று என்னை அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் உப்பு அளக்கக் கையில் எடுத்த படியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.